சிங்கைத் தீவில் பள்ளிச் சட்டங்கள்

கல்வி முதலில் வீட்டில் தோன்றியது. பின்னரே பள்ளிக்குச் சென்றது. நம் முன்னோர் திண்ணையில் மணலைப் பரப்பி, அதில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவித்த காலத்தில், ஆசிரியர் எவரிடமும் உரிமச் சீட்டு வாங்கவில்லை. ஊராரின் நன்மதிப்பே அவருக்கு உரிமச் சீட்டு. பெற்றோர் நம்பிப் பிள்ளையை அனுப்பினால் அது பள்ளி. அனுப்பாவிடில் அது வெறுந் திண்ணை. அரசாங்கம் இவ்விடத்திற்குள் அடியெடுத்து வைக்கும்பொழுது இரண்டு கேள்விகள் எழுகின்றன. கற்பிக்கத் தகுந்தவர் யார் என்பது ஒன்று. எல்லாப் பிள்ளையும் கற்றே தீரவேண்டுமா என்பது மற்றொன்று. சிங்கப்பூர்த் தீவில் முதற் கேள்விக்கு 1920ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. இரண்டாம் கேள்விக்கு 2000ஆம் ஆண்டில்தான் சட்டம் பிறந்தது. இடையில் கழிந்தவை எண்பது ஆண்டுகள். இவ்விடைவெளியின் காரணத்தை ஆராய்வது தமிழாசிரியர்களுக்குப் பயன் தருமெனக் கருதுகிறோம்.

நீரிணைக் குடியேற்றங்களில் பள்ளிகள் சட்டத்தால் தோன்றியவை அல்ல. பினாங்கில் 1816ஆம் ஆண்டில் இலவசப் பள்ளி தொடங்கிற்று. சிங்கப்பூரில் 1823இல் இராபிள்ஸ் தம் கல்வி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1834இல் எழுந்த சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பும் இடம் பெற்றது. இக்குடியேற்றங்கள் 1867இல் பிரிட்டிஷ் முடியரசின் நேரடி ஆட்சிக்கு வந்த பின்னரும், அரசாங்கம் மலாய்ப் பள்ளிகளை நடத்தியும் ஆங்கிலப் பள்ளிகளுக்கு உதவியும் வந்ததேயன்றி, சீனர் தமிழர் ஆகியோரின் தாய்மொழிக் கல்வியைப் பெரும்பாலும் அவரவர் கையிலேயே விட்டுவிட்டது. சீன வணிகரும் குலச் சங்கங்களும் தத்தம் பொருளால் பள்ளி கட்டினர். தமிழருக்குக் கிறித்துவ சபைகளும், சங்கங்களும், செல்வர் சிலரும் துணை நின்றனர். இப்புறக்கணிப்பில் தீமை இருந்தது. ஒரு வகையில் உரிமையும் இருந்தது. பணம் கொடாத அரசாங்கம் பாடப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்கவில்லை.

அந்நிலை மாறியதற்குக் காரணம் கல்வியன்று, அரசியலே. 1911ஆம் ஆண்டுச் சீனப் புரட்சிக்குப் பின், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மற்றொரு தீவாகிய ஹாங்காங்கில், தனியார் பள்ளிகள் அரசாங்கத்திடம் பதிவு பெறவேண்டுமென 1913இல் சட்டம் இயற்றினர். 1919ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் பீக்கிங் நகர மாணவர் எழுப்பிய கிளர்ச்சியின் அலை, அடுத்த மாதமே சிங்கப்பூரையும் பினாங்கையும் வந்து மோதிற்று. ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் கலகமாக மாறியது. அதில் சீனப் பள்ளி ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்குண்டு என அதிகாரிகள் கண்டனர். ஆளுநர் கில்லமார்டு பதவியேற்ற 1920ஆம் ஆண்டிலேயே பள்ளிகள் பதிவுச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று.

அச்சட்டம் சொல்லியது யாது? பள்ளி, அதன் நிருவாகிகள், ஆசிரியர்கள் ஆகிய மூன்றும் பதிவு பெறவேண்டும். அதிகாரிகள் பள்ளிக்குள் நுழைந்து பார்வையிடலாம். சுகாதாரக் கேடான கட்டடமாயினும், அரசாங்கத்திற்கு மாறான பிரசாரத்திற்கு இடமாகும் பள்ளியாயினும், பதிவை மறுக்கலாம். பதிவு பெறாத பள்ளி சட்ட விரோதமானது. சீன மக்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். கூட்டங்கள் கூடின, மனுக்கள் இலண்டன் வரை சென்றன. எதிர்ப்பை முன்னின்று நடத்தியோருள் சிலர் நாடு கடத்தப்பட்டனர். 1923 முதல் சீனப் பள்ளிகளுக்கும் மானியம் வழங்க அரசாங்கம் முன்வந்தது. மானியம் பெற்ற பள்ளி மேற்பார்வைக்கும் உட்பட வேண்டியதாயிற்று.

இச்சட்டத்தில் காணப்படுவதைவிடக் காணப்படாததே நம் கருத்தைக் கவர்வது. கற்பிப்பவரைப் பற்றி விரிவாகப் பேசிய சட்டம், கல்லாத பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பள்ளி தவறான பாடம் நடத்தினால் குற்றம். பள்ளியே இல்லாத ஊரில் பிள்ளை தெருவில் திரிந்தால் குற்றமில்லை. அறியாமையைக் கண்டு அஞ்சாத ஆட்சி அறிவைக் கண்டு அஞ்சியது எனக் கூறின் அது மிகையாகாது.

இதே காலத்தில் ஜொகூர் நீரிணைக்கு அப்பால் வேறொரு வகைச் சட்டம் தமிழரைத் தொட்டது. கூட்டு மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருப்பின், தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. கங்காணியும் கிராணியும் ஆசிரியராய் அமர்ந்த கொட்டகைப் பள்ளிகள் பல இவ்வாறு பெருகின. அவற்றின் தரம் தாழ்ந்திருந்ததை மறுப்பார் இலர். ஆயினும் ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ள வேண்டும். தோட்ட முதலாளியின்மீது பள்ளி வைக்கும் கடமையைச் சட்டம் சுமத்திற்று. அதனாலேயே மலாயாத் தோட்டங்களில் தமிழ் எழுத்து நிலைத்தது. சிங்கப்பூர் நகரத் தமிழருக்கு அத்தகைய கட்டளையும் இல்லை. அவர்கள் தாமே முயன்று பள்ளி கண்டனர்.

போருக்குப் பின் காற்றுத் திசை மாறியது. சிங்கப்பூர் அரசாங்கம் 1947இல் ஏற்றுக்கொண்ட பத்தாண்டுக் கல்வித் திட்டம், பெற்றோர் விரும்பும் மொழியில், தமிழ் உட்பட, இலவசத் தொடக்கக் கல்வி அளிப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. சீனப் பள்ளி மாணவர் கிளர்ச்சிகளையடுத்து 1955இல் அமைந்த அனைத்துக் கட்சிக் குழு, 1956இல் தன் அறிக்கையை வெளியிட்டது. சீனக் கல்வியை ஆராயப் புகுந்த அக்குழு, நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தவேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. அதன் விளைவாகப் பிறந்ததே 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்.

பள்ளி என்பது யாது என இச்சட்டம் வரையறுத்த முறை நோக்கத்தக்கது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர்க்குக் கல்வி புகட்டும் அமைப்பும், அத்தனை பேர் வழக்கமாகக் கற்கும் இடமும் பள்ளியாகும். முற்றிலும் சமயப் போதனை மட்டுமே நடைபெறும் இடம் பள்ளியாகாது. எனவே ஒன்பது பிள்ளைகளுக்குத் தம் வீட்டுக் கூடத்தில் பாடம் சொல்லும் ஆசிரியர் பள்ளி நடத்துபவர் ஆகார். பத்தாவது பிள்ளை வாயிற்படி ஏறியதும் அக்கூடம் பள்ளியாகி விடுகிறது. இன்றும் துணைப்பாட நிலையம் நடத்துவோர் பதிவு செய்யவேண்டிய எல்லை இந்தப் பத்தே.

சட்டம் சம உரிமை தந்தால் மொழிப்பள்ளி வாழ்ந்துவிடுமா? இக்கேள்விக்கு விடை உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியின் வரலாற்றில் உள்ளது. 1946இல் கடையநல்லூர் மக்களின் முயற்சியால் தோன்றிய அப்பள்ளி, 1960இல் உயர்நிலைக் கல்வியும் அளிக்கலாயிற்று. எந்தச் சட்டமும் அதனை மூடவில்லை. ஆங்கிலக் கல்வியில் வேலைவாய்ப்பைக் கண்ட பெற்றோர் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவதைக் குறைத்தனர். மாணவர் குறைந்தமையால் 1982இல் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டில், 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழியாகும் என அரசாங்கம் அறிவித்தது. உமறுப்புலவர் பெயர் தமிழ் மொழி நிலையத்தின் பெயராய் நின்று நிலவுகிறது. பதிவேடு பள்ளிக்கு உரிமை தரலாம். மாணவரைத் தர இயலாது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டில் கட்டாயக் கல்விச் சட்டத்தை இயற்றிற்று. அது 2003ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவிலும் தொடக்கக் கல்வி அவ்வாண்டிலேயே கட்டாயமாயிற்று. சிங்கப்பூர்ச் சட்டப்படி, 1996ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்குப் பின் பிறந்து, தீவில் வாழும் குடிமக்கட் பிள்ளைகள், 6 வயதுக்கு மேல் 15 வயது நிறையும் வரை தேசியத் தொடக்கப்பள்ளியில் பயிலவேண்டும். தவறும் பெற்றோர்க்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த நாட்டில் இச்சட்டம் எதற்கு என ஒருவர் வினவலாம். செல்லாத சிறுபான்மையே சட்டத்தின் இலக்கு. அச்சிறுபான்மையிலும் இரு வகையினர் உண்டு. வறுமையாலோ கவனக் குறைவாலோ கல்வியிழந்தோர் ஒரு வகை. வேறொரு கல்வியை விரும்பித் தேர்ந்தோர் மற்றொரு வகை. முன்னவரைக் காக்க எழுந்த வேலி பின்னவரை நெருக்கலாகாது அன்றோ? முழுநேர இசுலாமிய சமயப் பள்ளிகள் ஆறு இத்தீவில் உண்டு. அவற்றுள் அல்சகாஃப் பள்ளி 1912இலும், அல்ஜூனிட் பள்ளி 1927இலும் தோன்றியவை. இப்பள்ளிகளின் எதிர்காலம் பற்றி முசுலிம் மக்களிடையே பெருங்கவலை எழுந்தது. முடிவில், இவற்றில் பயில்வோர்க்கும் வீட்டிலேயே பயில்வோர்க்கும் விதிவிலக்கு அளிக்கச் சட்டத்தில் வழி அமைந்தது. விலக்குக்கு விலையும் உண்டு. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் குறிப்பிட்ட தரத்தை எட்டவேண்டும். உடற்குறை, மனக்குறை காரணமாகத் தனிக் கவனிப்பு வேண்டிய பிள்ளைகள் முதலில் சட்டத்திற்குப் புறம்பாய் நின்றனர். 2019 முதல் அவர்களும் உள்ளே கொணரப்பட்டனர்.

வீட்டுக் கல்வி பெறவைக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குக் கோரவேண்டும். தாம் கற்பிக்கப்போகும் பாடத் திட்டத்தையும் தம் கல்வித் தகுதியையும் தெரிவிக்கவேண்டும். ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை தரவேண்டும். பிள்ளை இறுதித் தேர்வில், அவ்வாண்டு நான்கு பாடங்களை எழுதிய மாணவர் வரிசையில் 33ஆம் விழுக்காட்டு நிலையையேனும் எட்டவேண்டும். அந்நான்கு பாடங்களாவன: ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி.

தாய்மொழி என்ற நான்காம் பாடத்தைத் தமிழாசிரியர்கள் ஊன்றி நோக்கவேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் தமிழ்ப் பெற்றோரும் தமிழை விட்டுவிட முடியாது. ஒரு காலத்தில் வீட்டில் இயல்பாய் வளர்ந்து பள்ளிக்குச் சென்ற மொழி, இன்று தேர்வு விதியின் துணையோடு வீட்டிற்குள் திரும்பி வருகிறது. இதனை வெற்றி என்பதா, வருத்தம் என்பதா? இரண்டுமே என்பதுதான் நேர்மையான விடை. சட்டத்தில் தமிழுக்கு இடம் இருப்பது பெருமை. வீட்டில் தமிழ் ஒலிப்பதற்குச் சட்டம் காரணமாக நேரிடின் அது வருந்தற்குரியது.

2009ஆம் ஆண்டுத் தனியார் கல்விச் சட்டம் வேறு துறையது. வெளிநாட்டு மாணவரைக் கவர்ந்து பணம் பெற்றுத் தரமற்ற சான்றிதழ் வழங்கிய நிலையங்களை ஒழுங்குபடுத்தவே அது பிறந்தது. 1920இல் அரசாங்கம் தனியார் பள்ளியின் அரசியலைக் கண்டு அஞ்சிற்று. 2009இல் அதன் வாணிகத்தைக் கண்டு அஞ்சிற்று. பதிவேடு ஒன்றே, அச்சம் மட்டும் ஆடை மாற்றிக்கொண்டது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கல்விச் சட்டம் என்பது வயலைச் சுற்றி இடும் வரப்பு. அது நீரைத் தேக்கும்; அயலார் மாட்டைத் தடுக்காது; விதையைத் தானே முளைப்பிக்காது. பள்ளிக்கு எல்லை பத்துப் பிள்ளைகள் எனச் சட்டம் சொல்லிற்று. அதற்குக் கீழ்ப்பட்ட ஒன்பது பிள்ளைகளின் இடம் இன்றும் நமக்குத் திறந்தே கிடக்கிறது. அதற்குப் பதிவு வேண்டா, மானியம் வேண்டா, ஒரு கூடமும், மாலையில் ஒரு நாழிகையும், சலியாத ஓர் ஆசிரியரும் இருந்தாற் போதும். தமிழ்ப் பள்ளிகளை இழந்த ஒரு தீவில், தமிழாசிரியர்கள் கருத்தூன்றி நிரப்பவேண்டிய இடம் அதுவேயாம்.