ரேடார் வழிக் கட்டட அதிர்வு அளவீடு

ரேடார் வழிக் கட்டட அதிர்வு அளவீடு என்பது கோபுரம், பாலம், புகைபோக்கி போன்ற அமைப்புகளின் நுண்ணிய அசைவுகளை, அவற்றைத் தொடாமல், தொலைவிலிருந்து நுண்ணலைகளைச் செலுத்தி அளக்கும் முறையாகும். ஏறுவதற்கே அஞ்ச வேண்டிய நிலையிலுள்ள கட்டடத்தில் முடுக்கமானிகளைப் பொருத்தத் தேவையில்லை என்பதே இதன் முதன்மையான பயன்.

இயங்கும் விதம்

ரேடார் அனுப்பும் அலை கட்டடத்தில் பட்டுத் திரும்புகிறது. கட்டடம் சற்று நகர்ந்தாலும் திரும்பி வரும் அலையின் கட்டம் மாறுகிறது. 17 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். அலை போய்த் திரும்புவதால், 9 மி.மீ. அசைவுக்கே கட்டம் 360 பாகை மாறிவிடும்; 1 பாகை மாற்றம் 0.025 மி.மீ. அசைவைக் குறிக்கும். நொடிக்கு நூறு முறை அளந்தால் அதிர்வின் வடிவமே கிடைத்துவிடும். 300 மெகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை கொண்ட கருவி, தொலைவில் அரை மீட்டர் வேறுபடும் புள்ளிகளைத் தனித்தனியே பிரித்தறியும். இத்தாலியின் சியேனா நகரிலுள்ள மாங்கியா கோபுரம் இம்முறையில் அளக்கப்பட்டது.

கணக்கீட்டு எடுத்துக்காட்டு: தென்காசி கோபுரம்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் 9 நிலை இராசகோபுரம் சுமார் 180 அடி (55 மீட்டர்) உயரமுடையது. பழைய கோபுரம் சிதைந்தபின் மீண்டும் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஊர் இது. கோபுர வாயிலைக் கடந்தவர்கள் அக்காற்றை அறிவர்.

கருவியை 60 மீட்டர் தள்ளி நிறுத்தினால், உச்சிக்கான பார்வைக்கோட்டின் நீளம் 81 மீட்டர். ரேடார் இக்கோட்டின் வழியேயான அசைவை மட்டுமே உணரும். எனவே உச்சி கருவியை நோக்கிக் கிடைமட்டமாக 1 மி.மீ. அசைந்தால் 0.74 மி.மீ. என்றே பதிவாகும். பக்கவாட்டு அசைவு பதிவாகாது; அதற்கு வேறு திசையிலிருந்தும் அளக்க வேண்டும். சுதைச் சிற்பங்களின் மூலைகளும் விளிம்புகளும் அலையை நன்கு திருப்பும். ஆனால் ஒரே தொலைவிலுள்ள பல சிற்பங்களின் எதிரொலிகள் கலந்துவிடுவது தொல்லைதான்.

குற்றாலச் சாரல் காலத்தில், அளவீட்டுக்கு வேண்டிய அசைவைக் காற்றே தரும். ஆயினும் அதே காற்று கருவியின் முக்காலியையும் ஆட்டும். ஈரப்பத மாற்றம் அலையின் வேகத்தைச் சிறிது மாற்றும். விரைவான அதிர்வை அளக்கையில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மணிக்கணக்கில் நிகழும் மெதுவான சாய்வை அளக்கையில் திருத்தம் இன்றியமையாதது.

முடிவுகளின் பொருள்

கட்டடம் நலிந்தால் அதன் இயல்பு அதிர்வெண் குறையும். விறைப்பு 20 விழுக்காடு குறைந்தால் அதிர்வெண் சுமார் 10 விழுக்காடு குறையும். வெப்பநிலையாலும் அதிர்வெண் சற்று மாறுவதால், கட்டடம் நலமாக இருந்தபோது எடுத்த அளவு இல்லாமல் பிற்கால அளவைக் கொண்டு அதிகம் சொல்ல இயலாது. காளத்தி கோயிலின் இராசகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. விரிசல்கள் முன்பே தெரிந்தன. அத்தகைய கோபுரத்தை விழும் எல்லைக்கு வெளியே நின்று ரேடாரால் கண்காணிக்கலாம். விரிசல் எங்குள்ளது, எவ்வளவு ஆழமானது என்பதை அது காட்டாது. கட்டுமானத்தை நேரில் ஆராய்ந்தே அறிய வேண்டும்.