யாழ்ப்பாண நகரின் வீட்டுக் குழாய்நீர்: வன்மையும் தரமும்

யாழ்ப்பாண நகரின் வீட்டுக் குழாய்களில் வரும் நீர் மிகப் பெரும்பாலும் அந்தந்த வளவிலுள்ள கிணற்றிலிருந்து நீர்ப்பம்பியால் மேல்தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து இறங்கி வருகிற நிலத்தடி நீராகும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறக்குறைய 88,000 பேர் வாழ்ந்த இந்நகரில், கோண்டாவில் கிணறுகளை மூலமாகக் கொண்ட பொதுக் குழாய்நீர் விநியோகம் நெடுங்காலம் ஒரு பகுதிக்கு மட்டுமே எட்டியமையால், நீரின் தரம் வளவுக்கு வளவு வேறுபடுகிறது. எனினும் கிணறுகள் யாவும் ஒரே சுண்ணாம்புப் பாறையிலிருந்து நீரெடுப்பவை ஆதலால், வன்மை என்னும் ஒரு பண்பு ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளது.

வன்மை என்பது நீரில் கரைந்துள்ள கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவாகும். இது அவற்றுக்குச் சமமான கல்சியம் காபனேற்றின் மில்லிகிராம்களில், ஒரு லீற்றருக்கு இவ்வளவு என்று குறிக்கப்படும். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இங்கில்லை. வழுக்கை ஆறுகூட மாரியில் மட்டுமே ஓடும். ஆகவே ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மழையே நிலத்தடி நீருக்கு மூலமாகிறது. அம்மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிட்ட காபனீரொட்சைட்டை ஏற்று மென்மையான அமிலமாகி, சுண்ணாம்புக்கல்லைக் கல்சியம் இருகாபனேற்றாகக் கரைத்து எடுத்துச் செல்கிறது. இவ்வாறு கரைந்து கரைந்தே பாறைக்குள் வெடிப்புகளும் குகைகளும் உண்டாயின. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறும் கடலோரத்துக் கீரிமலை ஊற்றும் இதே செயலின் வெளித்தோற்றங்களாகும்.

ஆய்வுகூடத்தில் வன்மையை அளவிட, நீர் மாதிரியின் பீஎச் மதிப்பை 10 அளவில் நிறுத்தி, எரியோகுரோம் பிளாக் டீ என்னும் நிறங்காட்டியைச் சேர்த்து, மதுச்சிவப்பு நிறம் நீலமாக மாறும் வரை ஈடீடீஏ கரைசலைத் துளித்துளியாக விடுவர். 180 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீர் மிக வன்மையானதாக வகுக்கப்படுவது வழக்கம். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 (2013) மொத்த வன்மைக்கு 250 மில்லிகிராமை மேலெல்லையாக வைக்கிறது.

வன்னீரின் அடையாளங்கள் வீட்டில் எளிதாகக் கண்ணிற்படுபவை. கேத்தலின் அடியிலும் நீர்சூடாக்கியின் கம்பிச்சுருளிலும் படியும் வெண்பாறை, சூட்டினால் இருகாபனேற்றுச் சிதைந்து காபனீரொட்சைட்டு வெளியேற எஞ்சிய கல்சியம் காபனேற்றாகும். பால் சேராத தேநீர் ஆறும்போது மேலே மெல்லிய ஏடு படர்வதற்கும் சவர்க்காரம் நுரைக்காமல் சாம்பல் நிறப் பிசுக்காகத் திரள்வதற்கும் கல்சியமே காரணம். பருப்பு இலகுவில் அவியாதிருப்பதும் இதனாலேயே. விதைக்கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்ரினைக் கல்சியம் மேலும் இறுக்கிவிடுகிறது. வன்மையில் கொதிக்கவைத்து நீக்கக்கூடிய பகுதி தற்காலிக வன்மை எனவும், குளோரைட்டு, சல்பேற்று ஆகியவற்றோடு சேர்ந்து கொதித்தாலும் நீங்காத பகுதி நிரந்தர வன்மை எனவும் வழங்கப்படும். உலக சுகாதார நிறுவனம் வன்மைக்கு உடல்நல அடிப்படையில் எந்த எல்லையையும் விதிக்கவில்லை. வீட்டார் அதிகம் முறையிடுகிற இப்பண்பு, உண்மையில், நீரிலுள்ள குறைகளுள் மிகக் குறைந்த தீங்குடையது என்றே கொள்ளவேண்டும்.

தீங்குள்ளது நிறமும் மணமும் இல்லாத நைத்திரேற்று. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலைப் பயிர்களுக்கு இடப்படும் யூரியாவின் மிச்சமும், மலக்குழிகளிலிருந்து கசியும் அமோனியா மண்ணில் ஒட்சியேற்றப்பட்டு உண்டாவதும் மழையோடு கீழிறங்குகின்றன. மணற்படையில் மெதுவாக ஊறிச் செல்லும் நீர் ஓரளவு வடிகட்டப்படும். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லிலோ அது குழாயில் ஓடுவதுபோல் ஓடிவிடுவதால் அதற்கு வாய்ப்புக் குறைவு. ஓரிரண்டு பரப்புக் காணியில் வீடு, கிணறு, மலக்குழி மூன்றும் அமைந்துள்ள நகரப் பகுதியில் நைத்திரேற்றோடு நோய்க்கிருமிகளும் கிணற்றை அடையக்கூடும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. இதன் எல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலிலும் இலங்கைத் தரத்திலும், லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கு, குருதியின் ஒட்சிசன் ஏந்தும் திறன் குன்றி உடல் நீலம்பாரிக்கும் மெதமோகுளோபினீமியா என்னும் நிலை ஏற்படலாம்.

இங்கு வீட்டு வைத்தியம் பொய்த்துப்போகிறது. கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லும், தற்காலிக வன்மையைப் படியச்செய்யும். நைத்திரேற்றையோ அது நீக்காததுடன், நீர் வற்ற வற்றச் செறிவைக் கூட்டும். பாதியாகச் சுண்டக் காய்ச்சிய நீரில் அதன் செறிவு இருமடங்காகும். பீங்கான் வடிகட்டியும் குளோரீனும் இதற்கு உதவா. வன்மை நீக்கும் சாதாரணக் கருவி கல்சியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை விடுவதே அன்றி நைத்திரேற்றைத் தொடுவதில்லை; பின்னோக்கிய சவ்வூடுபரவல், அதாவது அழுத்தத்தால் நீரை நுண்சவ்வினூடாகச் செலுத்தும் முறை, அதனைப் பெருமளவு குறைக்கிறது. கேத்தலில் படிந்த பாறையைக் கண்டு கொதித்த நீர் தூய்மையாகிவிட்டது எனக் கொள்வது இவ்வூரில் பரவலான, ஆனால் அரைகுறையான முடிபு.

மூன்றாவது குறை சவர். குடாநாட்டின் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் வில்லை வடிவப் படையாக உள்ளது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது நிலைக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் இருவரின் பெயரால் வழங்கும் விதி. வெடிப்புள்ள பாறையில் இது துல்லியமாகப் பொருந்தாது. துலாவும் பட்டையும் இறைத்த நீரினும் மிகுதியாக நீர்ப்பம்பி இறைப்பதனாலும் ஆழமான குழாய்க் கிணறுகள் பெருகியதனாலும் உவர்நீர் மேலெழுகிறது. கடல்நீரின் வன்மை 6,000 மில்லிகிராமுக்கு மேற்பட்டது. ஆகவே கிணற்று நீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே வன்மை 60 மில்லிகிராமுக்கு மேலும் குளோரைட்டு ஏறத்தாழ 190 மில்லிகிராமும் கூடும். 250 மில்லிகிராம் என்னும் குளோரைட்டு எல்லை அதிலேயே பெரும்பாலும் நிரம்பிவிடும். இவ்வாறு சேரும் வன்மை பெரிதும் மக்னீசியத்தால் ஆன நிரந்தர வன்மையாதலால் கேத்தலில் படியாது.

நகருக்கு வடக்கே சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையச் சூழலின் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை வேறு வகைப்பட்ட நிகழ்வாகும். அது தொடர்பான வழக்கில் 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்காக 2 கோடி ரூபா செலுத்தும்படி மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்றுக்குக் கட்டளையிட்டது. சுண்ணாம்புப் பாறையில் ஒரு வளவின் கழிவு அவ்வளவோடு நின்றுவிடாது என்பதற்கு இந்த எண்ணெய்க் கலப்பு போதிய சான்றாகும்.

கிணற்று நீருக்கு மாற்றாக ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியில் அமைந்த யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் முதலில் இரணைமடுக் குளத்து நீரை நோக்கியே வகுக்கப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் அதனை எதிர்க்கவே திட்டம் கடல்நீர்ச் சுத்திகரிப்புக்குத் திரும்பியது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரவல்ல நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. சவ்வினூடாக வரும் நீரில் கனிமங்கள் மிகக் குறைவு. அவ்வாறே விடப்படின் உலோகக் குழாயையும் சீமெந்துப் பூச்சையும் அது அரிக்கும் ஆதலால், இத்தகைய நிலையங்களில் சுண்ணாம்பின் வழியாகக் கல்சியத்தை அளவாகச் சேர்த்தே நீரை வெளிவிடுவர்.

பொதுக் குழாய்நீரும் கிணற்று நீரும் ஒரே மேல்தொட்டியில் விழும் வீடுகளில், வன்மையும் நைத்திரேற்றும் இருநீரும் கலக்கும் விகிதத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். நீர்வழங்கற் சபை விடும் குளோரீனின் மிச்சமும் தொட்டியில் விரைவாகச் செலவாகும். ஆதலால் பரிசோதனைக்குரிய மாதிரியை, குடிநீர் பிடிக்கும் சமையலறைக் குழாயிலிருந்தே எடுத்தல் வேண்டும். சவரை அறியக் கோடையின் முடிவிலும் நைத்திரேற்றை அறிய மாரி தொடங்கிய பின்னரும் எடுப்பது தகும்.