அடுப்படிப் புகைக்கூண்டும் கஜா புயலும்

சிம்னி என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிதான். சாயங்காலமானால் சாம்பல் போட்டுத் துடைத்து வைப்போம். வீட்டுக் கூரைமேல் நிற்பதற்குப் பெயர் புகைக்கூண்டு. ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களில் குளிர்காய்வதற்கென்று கணப்பும் அதற்கொரு புகைபோக்கியும் உண்டு. புதுக்கோட்டை வெயிலில் யார் குளிர்காய்வது? இங்கே புகைக்கூண்டு என்றால் அடுப்படிதான்.

திருமயம் வட்டாரத்தில் ராயவரம், அரிமளம், கடியாபட்டி, ராங்கியம், விராச்சிலை என்று நகரத்தார் ஊர்கள் வரிசையாக உண்டு. செட்டிநாடு என்றதும் எல்லோரும் காரைக்குடியைத்தான் நினைப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளும் அதில் ஒரு நல்ல பங்கு இருக்கிறது. இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940 வரை பர்மா, மலேயா, இலங்கைப் பணத்தில் எழுந்தவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க் கடைசிக் கட்டில்தான் அடுப்படி. படம் எடுக்க வருகிறவர்கள் முகப்பிலும் வளவிலும் தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கரி படிந்த அடுப்படியை யாரும் படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

கல்யாணச் சமையல் வெளியே கோட்டை அடுப்பில் நடக்கும். அன்றாடச் சமையல் உள்ளே, விறகில். அந்தப் புகை போகச் சில வீடுகளில் ஓட்டைச் சற்றுத் தூக்கி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் செங்கல்லில் கட்டிய கூண்டு. மெல்லிய நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே மழை விழாமல் இரண்டு பக்கமும் சாய்த்து வைத்த தட்டோடு. ஓட்டுக்கு மேல் ஓர் ஆள் உயரம் நிற்கும்.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். நீற்றி, மணல் சேர்த்து அரைத்துப் பூசினால், அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். இது ஒரு நாளில் நடப்பதில்லை; மாதக்கணக்கில், கனத்த சுவரானால் வருடக்கணக்கில் நடக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அதில் சேர்ப்பார்கள். முட்டை வெள்ளைக்கருவெல்லாம் வளவுச் சுவரின் கடைசி மேல்பூச்சுக்குத்தான். புகைக்கூண்டுக்கு யாரும் முட்டை உடைத்திருக்க மாட்டார்கள்.

சிமெண்டு வேறு சாதி. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824இல் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் பக்கம் 1939இல் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது. 1953இல் கல்லக்குடி என்ற பெயருக்காகப் போராட்டம் நடந்ததே, அதே ஊர்தான். அதற்குப் பிறகு திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் சிமெண்டு மூட்டை கிடைப்பது சுலபமாயிற்று. சுண்ணாம்பு அரைக்கும் செக்குகள் ஒவ்வொன்றாக நின்றன.

எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்ததும் அப்பத்தா விறகடுப்பைத் தொடுவதை விட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் நிம்மதி, கூண்டுக்குத்தான் கெட்ட காலம். தினமும் தீ எரியும்வரை அந்தச் சூட்டில் கூண்டு உலர்ந்துகொண்டே இருந்தது. தீ நின்றதும் நான்கு பக்கமும் மழை வாங்கிய செங்கல் காயாமல் ஊறிக் கிடந்தது. உள்ளே வருடக்கணக்காகப் படிந்த கரியிலிருந்து பழுப்பு நீர் சுவரில் வழிந்தது. ஓர் அரசங்கன்றும் முளைத்தது. அப்போதிருந்த பங்காளிகள் கூடிப் பேசி, மேல் நான்கு அடிக்குச் சுற்றிலும் சிமெண்டு பூசச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

சிமெண்டுப் பூச்சு செங்கல்லைவிடக் கெட்டி. அதன் வழியே ஈரம் வெளியேறாது. எங்கோ மயிரிழை வெடிப்பில் இறங்கிய தண்ணீர் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல்லைப் பொரிய வைத்தது. வெளியே பார்த்தால் கூண்டு வழவழவென்று புதிது போல நின்றது. உள்ளே கல் மாவாகிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னையும் பலாவும் போன கதையை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. எங்கள் கூண்டு, சிமெண்டு பூசிய நான்கடியும் ஒரே பாளமாக, பூச்சு முடிந்த இடத்தில் ஒடிந்து, ஓட்டைப் பிளந்துகொண்டு அடுப்படிக்குள் விழுந்தது. உள்ளே யாரும் படுத்திருக்கவில்லை. பூசாத கீழ்ப்பகுதி, நூறு வருடத்துச் சுண்ணாம்புக் கட்டு, அப்படியே நின்றது.

முதலில் வந்த கொத்தனார், "ரெண்டு நாள்ல சிமெண்டு போட்டு ஏத்திருவேன்யா" என்றார். பொன்னமராவதிப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர், நின்ற கட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாந்து கல்லவிட மெத்துன்னு இருக்கணும் ஐயா. வெடிச்சா சாந்து வெடிக்கட்டும், மறுபடி பூசிக்கலாம். கல்லு போனா என்ன செய்வீங்க?"

லண்டனில் வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றைக்கும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. பெரியவர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

வேலை இரண்டு நாளில் முடியவில்லை. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் மூன்று வாரம் ஊறப்போட்டார். கரி ஏறிய இரண்டு வரிசையைக் கையால் பிரித்தார், சுத்தியல் ஓங்கவில்லை. புதுச் செங்கல்லை நனைத்து வைத்துத்தான் கட்டினார். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடுமாம். கட்டிய பிறகு நனைத்த சாக்கைச் சுற்றி வைத்து, வெயிலுக்குக் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். அந்த வேலை எனக்கு வந்தது. இந்த வயதில் ஏணியில் ஏறியதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

புதுச் செங்கல் என்று எழுதிவிட்டேன், அது சரியில்லை. அந்த அளவில் மெல்லிய கல்லை இப்போது யாரும் அறுப்பதில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீடு, பங்கு பிரியாமல் பூட்டிக் கிடந்து, கடைசியில் இடிபட்டது. கதவு, நிலை, தூண், பித்தளைப் பாத்திரமெல்லாம் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. செங்கல்லைக் கேட்பாரில்லை. ஒரு டிராக்டர் கல் வாங்கினோம். அதில் பாதிக்கு மேல் ஒரு முகத்தில் கரி ஏறியிருந்தது. அந்த வீட்டு அடுப்படிக் கல். சின்ன வயதில் அந்த அடுப்படியில் நான் பணியாரம் தின்றிருக்கிறேன்.

பெரியவர் கரி முகத்தை உள்பக்கமாகவே வைத்துக் கட்டினார். போகும்போது, மாதத்துக்கு ஒரு தடவையாவது விறகு வைத்து எரியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அமாவாசைதோறும் வெந்நீராவது போடுகிறோம்.