கபிலர் கண்ட நீர்ப்பூக்கள்

தென்பெண்ணையாற்றின் கரையில் திருக்கோவலூர் என்னும் பழம்பதி உள்ளது. 2019ஆம் ஆண்டில் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அஃது இன்று அடங்கும். ஆற்றிடையே நிற்கும் பாறை ஒன்றினை மக்கள் கபிலர் குன்று என வழங்குகின்றனர். பாரி மாய்ந்த பின்னர் அவன் மகளிரைக் காத்த கபிலர் இவ்வூரிலேயே உயிர் நீத்தார் என்பது மரபு. இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் அவர் தீப்புகுந்த செய்தியைக் கூறுகின்றது.

அக்கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. மலைநிலத்துப் பாட்டேயாயினும், ஆம்பல், குவளை, தாமரை, நெய்தல் என்னும் நீர்ப்பூக்களும் அதில் தனித்தனியே இடம் பெறுகின்றன. மாணவர்களே! ஓர் ஏரிக்கரையில் நின்று இவற்றை இனம் பிரித்துச் சொல்ல நாம் வல்லோமா?

முதலில் தாமரையைக் காண்போம். அதன் முற்றிய இலை நீருக்கு மேலே குடைபோல் உயர்ந்து நிற்கும். வட்டமான அவ்விலையில் பிளவு இராது. ஆம்பலின் இலையோ நீரில் படிந்து மிதக்கும். காம்பு சேருமிடம் வரை ஒரு பிளவு ஓடும். தாமரையின் காய் நீருக்கு மேலே நின்று முற்றும். ஆம்பலின் காய் நீருள் மூழ்கி முற்றும். தாமரைத் தண்டில் சிறு முட்கள் உண்டு. கபிலர் தாமரையைச் சொல்லுமிடத்து அதன் முள்ளுடைய தாளையே அடைமொழியாக்கினார். பூவின் அழகை மட்டுமன்றித் தண்டினையும் தொட்டறிந்த கண் அது.

வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயஸ், 1753ஆம் ஆண்டில் தாமரையையும் ஆம்பலையும் ஒரே பேரினத்தில் அடக்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1763இல், பிரெஞ்சு அறிஞர் அடான்சன் தாமரையைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். அண்மைக்கால மரபணு ஆராய்ச்சியோ இன்னும் வியப்பான உண்மையைக் காட்டியது. தாமரைக்கு நெருங்கிய உறவு ஆம்பல் அன்று. காசுமீரத்துச் சினார் மரத்தின் குடும்பமே ஆகும்! நீரில் ஒருங்கு வாழ்ந்தமையால் வந்த ஒப்புமையே நம் கண்ணை ஏமாற்றியது.

ஆம்பலையும் நீலமலரையும் பிரித்தறிதல் சற்றே அரிது. வெள்ளாம்பலின் இலை விளிம்பில் கூரிய பற்கள் உண்டு. அடிப்புறம் மென்மயிர் படர்ந்திருக்கும். மாலையில் விரிந்து மறுநாள் முற்பகலில் அது குவியும். நீலமலரின் இலை விளிம்பில் அத்தகைய கூரிய பற்கள் இல்லை. காலையில் விரிந்து பிற்பகலில் அது குவியும். திங்களைக் கண்டு ஆம்பல் மலரும் என்று புலவர் பாடியது வெறுங்கற்பனை அன்று. ஆனால் நீலமலரில் குவளை எது, நெய்தல் எது என்பதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். பெயர் நூலில் நிலைத்தது. பெயருக்குரிய பூவைக் காட்டும் கை இடையே தளர்ந்துவிட்டது.

இத்தளர்ச்சியால் விளையும் இழப்பை இலங்கையில் காணலாம். அந்நாடு 1986ஆம் ஆண்டில் நீல ஆம்பலைத் தேசிய மலராக ஏற்றது. ஆயினும் அயல்நாட்டு ஊதாநிற இனமொன்று அங்குள்ள குளங்களிற் பரவ, மக்கள் அதனையே தம் தேசிய மலரென எண்ணலாயினர். தாவரவியலார் நுணுகி நோக்கிய பின்னரே வேற்றுமை வெளிப்பட்டது. தன்னுடையது எதுவென அறியாதவன் அதனைக் காப்பது எங்ஙனம்?

ஆகவே, இனி ஏரிக்கரைக்குச் செல்லும்போது பூவை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். இலை மிதக்கின்றதா, உயர்கின்றதா? விளிம்பு எத்தகையது? விரியும் பொழுது யாது? இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் முதியோரிடம் அதன் பெயரையும் கேளுங்கள். நூலிலுள்ள பெயரும் நீரிலுள்ள பூவும் மீண்டும் ஒன்று சேர்வது அவ்வாறுதான்.