ஆலம்பரைக் கோட்டை

ஆலம்பரைக் கோட்டை என்பது தமிழ்நாட்டின் வங்கக்கடற்கரையில், மரக்காணம் உப்பளங்களுக்கு வடக்கே கடப்பாக்கம் என்னும் ஊருக்கு அருகில் அமைந்துள்ள ஒரு பாழடைந்த செங்கற்கோட்டை ஆகும். இது செங்கல்பட்டு மாவட்டம், செய்யூர் வட்டத்தில், இடைக்கழிநாடு பேரூராட்சிப் பகுதியில் உள்ளது. 2019 நவம்பரில் புதிய மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபுகளிடமும் பின்னர் பிரெஞ்சுக்காரரிடமும் இருந்த இக்கோட்டை 1760இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டு இடிக்கப்பட்டது. எஞ்சிய சுவர்கள் 2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் மேலும் சேதமடைந்தன. வார இறுதிகளில் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வருவோர் கழிமுகத்தைக் காண்பதற்கும், கரையோரத்தில் கூடாரமிட்டு இரவு தங்குவதற்கும் விரும்பும் இடமாக இது உள்ளது.

நில அமைப்பு

கோட்டை நேரடியாகக் கடலை ஒட்டி நிற்கவில்லை. கோட்டைக்கும் கடலுக்கும் இடையே உப்பங்கழி ஒன்று கிடக்கிறது. அதற்கு அப்பால் ஒரு மணல்திட்டும், அதற்கும் அப்பால் கடலும் உள்ளன. ஒருபுறம் அசையாத நீரும் மறுபுறம் அலையும் உள்ள இந்த அமைப்பே சிறு கப்பல்களுக்கு இவ்விடத்தைப் பாதுகாப்பான துறையாக்கியது. கோட்டை இங்கு கட்டப்பட்டதன் காரணமும் அதுவே எனலாம்.

மேற்கே நிலம் மிகத் தட்டையானது. சவுக்குத் தோப்புகள், நெல் வயல்கள், மணிலா பயிரிடும் கொல்லைகள், கோடையில் தர்பூசணிக் கொல்லைகள் ஆகியவை திண்டிவனம் செல்லும் வழியெங்கும் காணப்படும். தெற்கே விழுப்புரம் மாவட்டத்துக்குள் சென்றதும் வயல்கள் முடிந்து உப்புப் பாத்திகள் தொடங்குகின்றன. இவற்றுக்குத் தென்மேற்கே உள்ள கழுவேலி என்னும் பரந்த ஈரநிலம் இடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியாகக் கடலுடன் தொடர்பு கொண்டுள்ளது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியாகக் கருதப்படும் கழுவேலி 2021இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணமே. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கப்பட்ட இக்கால்வாய், 1876-78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக விரிவாக்கப்பட்டு, அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. மரக்காணத்து உப்பும் விறகும் நெடுங்காலம் இக்கால்வாய் வழியே படகில் சென்னைக்குச் சென்றன.

பழங்காலக் குறிப்புகள்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஆவார். இன்றைய பேரூராட்சியும் அதே நாட்டுப் பெயரைத் தாங்கியுள்ளது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட அந்நூல், பரிசில் பெற்று வரும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்தது. எந்த ஊரில் யார் வரவேற்பர், என்ன உணவு கிடைக்கும் என்பதை வரிசையாகக் கூறுவதால், தமிழின் மிகப் பழைய பயண வழிகாட்டிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

அந்நூல் கூறும் எயிற்பட்டினத்தை ஆய்வாளர் பலர் மரக்காணம் பகுதியுடன் இணைத்துக் காண்கின்றனர். அலைகள் கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் படுத்துறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்தன என்றும், அவற்றை விறகாக்கி எரித்து, பரதவர் வழிப்போக்கருக்குக் கள்ளும் சுட்ட மீனும் அளித்தனர் என்றும் நூல் விவரிக்கிறது. ஒட்டகம் வாழாத கரையில் இந்த உவமை வந்திருப்பது வெளிநாட்டு வணிகத் தொடர்பை நினைவூட்டுவது. பெரிப்ளசு என்னும் கிரேக்க நூல் குறிப்பிடும் சோபட்மா துறைமுகமும் எயிற்பட்டினமே எனச் சிலர் கருதுவர்.

மரக்காணத்தில் உள்ள பூமீசுவரர் கோயில் சோழர் காலத்தது. அதன் கல்வெட்டுகளில் உப்பளங்களைக் குறிக்கும் அளம் என்ற சொல் இடம்பெறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு உப்பு விளைந்தது என்பதற்கு இது சான்றாகும்.

கோட்டையின் வரலாறு

கோட்டை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயர் ஆட்சிக்காலத்தில் தொடங்கப்பட்டது என்றும், 1736க்கும் 1740க்கும் இடையில் கருநாடக நவாபு தோஸ்து அலி கானின் காலத்தில் முழு வடிவம் பெற்றது என்றும் கூறப்படுகிறது. ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்பில் அமைந்த இக்கோட்டையிலிருந்து கடலுக்குள் 100 மீட்டர் நீளத்திற்குப் படகுத்துறை இருந்தது. சரிகைத் துணி, உப்பு, நெய் ஆகியவை இங்கிருந்து ஏற்றுமதியாயின.

இங்கு ஒரு நாணயச் சாலையும் இயங்கியது. அக்காலத்தில் நாணயம் அடிக்கும் உரிமை பெரும் வருவாய்க்கு வழி. புதுச்சேரியில் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பிரெஞ்சு ஆளுநர் துய்மா 1736இல் இதே தோஸ்து அலி கானிடமிருந்தே பெற்றார். புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரையான நிகழ்ச்சிகளைக் கூறுவது. ஆலம்பரையின் பெயர் அதில் பல இடங்களில் வருகிறது. இக்கோட்டையின் நாள்முறை வாழ்க்கையை அறிய விரும்புவோருக்கு இடிந்த சுவர்களைவிட அந்நாட்குறிப்பே கூடுதலாகச் சொல்லும்.

தக்காணத்தின் சுபேதார் பதவிக்கான போட்டியில் முசாபர் சங்குக்குத் துணை நின்றதற்குக் கைம்மாறாக, 1750இல் ஆலம்பரை பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயிடம் வழங்கப்பட்டது. பத்தாண்டுகளே அவர்களால் அதை வைத்திருக்க முடிந்தது. 1760 சனவரி 22 அன்று வந்தவாசிப் போரில் அயர் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்றது. அதன்பின் ஆங்கிலேயர் புதுச்சேரியைச் சுற்றியிருந்த அரண்களை ஒவ்வொன்றாகப் பிடித்தனர். திண்டிவனத்திற்குக் கிழக்கேயுள்ள பெருமுக்கல் மலைக்கோட்டையை அடுத்து ஆலம்பரையும் வீழ்ந்தது. மீண்டும் பகைவர் கைக்குச் சென்றால் பயன்படக்கூடாது என்பதற்காகக் கோட்டை தகர்க்கப்பட்டது. 1761 சனவரியில் புதுச்சேரியும் சரணடைந்தது.

இன்றைய நிலை

கோட்டை தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அத்துறை 2011-12இல் இங்கு அகழாய்வு மேற்கொண்டது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்ட மதில்களில் சில பகுதிகளும், வட்டமான கொத்தளங்களின் எச்சங்களும் நிற்கின்றன. தரங்கம்பாடியின் டேனியக் கோட்டையில் அருங்காட்சியகம் உள்ளது. சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. அவற்றோடு ஒப்பிட ஆலம்பரை கவனிப்பாரற்றது என்றே சொல்ல வேண்டும்.

கோட்டையை இன்று அழித்துவருவது பீரங்கி அன்று, உப்பே. உப்புச் சத்துள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகளில் ஏறுகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உள்ளே உப்புப் படிகங்கள் வளர்கின்றன. அவை வளரும் அழுத்தத்தில் செங்கல்லின் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிர்கிறது. தெற்கே பாத்திகளில் மக்களுக்குச் சோறு போடும் அதே படிகமாதல்தான் இங்கே மதிலைத் தின்கிறது. அடிப்பகுதி அரிக்கப்பட்டு மேற்பகுதி மட்டும் தொங்கி நிற்கும் சுவர்கள் பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும் ஏறுவதற்கு உரியன அல்ல.

உப்பளங்கள்

மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உப்பு விளைவிக்கப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்தபின், சனவரி வாக்கில் பாத்திகளைச் சீரமைக்கும் பணி தொடங்கும். சேற்றைக் கால்களால் மிதித்து மிதித்து, நீர் கசியாத கெட்டியான தரையாக்குவது இதில் கடினமான வேலை. பின்னர் உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றப்பட்டு, படிப்படியாக அடர்த்தி கூடுகிறது. பாமே அளவையில் ஏறத்தாழ 25 பாகையை எட்டியதும் உப்பு படியத் தொடங்கும். 30 பாகையை நெருங்கும்போது எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவர். இல்லாவிடில் மக்னீசிய உப்புகள் கலந்து சுவை கெடும். உற்பத்தி கோடை முழுவதும் நடந்து அக்டோபர் மழையில் நின்றுவிடும். இடையில் ஒரு நாள் பெய்யும் கோடைமழைகூட விளைந்த உப்பைக் கரைத்துவிடும் என்பதால், பயணிகள் விரும்பும் மேகமூட்டத்தை உப்பளத் தொழிலாளர் அஞ்சுவர்.

இரவு தங்குதலும் முகாமிடலும்

கோட்டைக்குள் விடுதி, கழிப்பறை, மின்விளக்கு ஆகிய வசதிகள் எதிர்பார்க்கத் தக்கவை அல்ல. குடிநீரைக் கடப்பாக்கத்திலிருந்தே கொண்டுவருதல் வேண்டும். பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னங்களைச் சிதைப்பது சட்டப்படி தண்டனைக்குரியது. எனவே மதிலுக்குள் கூடாரம் அடிப்பதோ, சுவரோரத்தில் அடுப்பு மூட்டுவதோ கூடாது. தீயின் சூடு பழைய சுண்ணாம்புச் சாந்தைத் தளரச் செய்யும். கரி படிந்த செங்கல்லைத் தூய்மை செய்ய முயன்றால் மேற்பரப்பும் சேர்ந்தே போகும். கரையில் தங்க விரும்புவோர் உள்ளூர்க் காவல் நிலையத்திலும், குப்பத்து மீனவர்களிடமும் முன்கூட்டியே தெரிவிப்பது நன்று. வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும் வெறும் மணலாகத் தோன்றினாலும் அவர்களது பணியிடங்களே. விடியுமுன் படகுகள் கிளம்பும்.

இடத் தேர்வில் தவறு நேர்வது எளிது. நிலம் தட்டையாக இருப்பதால் மழைநீர் வடிய வழியில்லை. ஒரு முழ உயர வேறுபாடே கூடாரம் நனைவதையும் நனையாததையும் முடிவு செய்யும். இக்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே ஆயினும், கழியோரத்தில் அந்த ஒரு மீட்டர் நீர் வெகுதூரம் உள்ளே பரவும். மணல்திட்டில் இரவு தங்குவோர் திரும்பிவரப் படகை நம்பியிருக்க நேரிடும். சாதாரண முளைகள் உலர்ந்த மணலில் நிற்கா. துணிப்பையில் மணல் நிரப்பிக் கயிற்றில் கட்டிப் புதைப்பது நல்ல மாற்று. உப்பளத்து வரப்புகளில் கூடாரமிடுவதைத் தவிர்க்க வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் கெட்டித்த தரை உடைந்து உப்பில் சேறு கலக்கும்.

சனவரி முதல் மார்ச் வரையான காலம் ஏற்றது. எனினும் அதுவே பங்குனி ஆமைகள் இக்கரையில் முட்டையிடும் பருவமும் ஆகும். வெளிவரும் குஞ்சுகள் கடலின் ஒளியை நோக்கிச் செல்பவை என்பதால் நெருப்பும் விளக்கும் அவற்றைத் தவறான திசைக்கு இழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நிழலற்ற வெப்பம் கடுமையாக இருக்கும். அக்டோபர் முதல் திசம்பர் வரை முகாமிடுதல் உயிருக்கே ஆபத்தானது. 2020 நவம்பர் 25 இரவில் கரையைக் கடக்கத் தொடங்கிய நிவர் புயல் மரக்காணம் அருகிலேயே கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது.

கழியில் மீனவர்கள் படகில் அழைத்துச் செல்வதுண்டு. கழியின் நீர் அமைதியாக இருப்பதைக் கண்டு கடற்பக்கத்தில் இறங்கிக் குளிப்பது ஆபத்து. கழிமுகத்தை ஒட்டிய நீரோட்டம் வலுவானது.

துறைமுகத் திட்டம்

ஆலம்பரைக்குப்பத்திலும், கழிமுகத்தின் மறுகரையில் விழுப்புரம் மாவட்டத்து அழகன்குப்பத்திலும் மீன்பிடித் துறைமுகங்கள் அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கழிமுகம் மணலால் அடைபடும் காலங்களில் படகுகளைக் கடலுக்குக் கொண்டுசெல்ல முடியாமல் தவிக்கும் மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை இதன் பின்னணியில் உள்ளது. கோட்டைக்கும் ஆமை முட்டையிடும் கரைக்கும் கழிமுகச் சூழலுக்கும் கேடு விளையும் என்று எதிர்ப்பும் எழுந்தது. கடலுக்குள் நீட்டப்படும் கல்தடுப்புகள் இக்கரையோரம் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்து வடபுறத்தில் அரிப்பை உண்டாக்கும் என்பது புதுச்சேரித் துறைமுகத்தில் கண்ட அனுபவம். இத்திட்டம் தொடர்பான வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வின் முன் சென்றது.

போக்குவரத்து

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலும், மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலும் கடப்பாக்கம் உள்ளது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே இச்சாலையில் செல்லும் பேருந்துகளில் இறங்கி, கிழக்கே பிரியும் கிளைச்சாலையில் சில கி.மீ. சென்றால் கோட்டையை அடையலாம். மாலைக்குப் பின் திரும்ப வண்டி கிடைப்பது அரிது.