தைராய்டு மாத்திரை எங்க போய் ஒட்டுது?

எங்க கருணாபுரம் தெருவுல நாலஞ்சு வீட்டுல காலைல காபிக்கு முன்னாடி தைராய்டு மாத்திரைதான். அதுல இருக்கிற தைராக்சினை எட்வர்ட் கெண்டல் 1914 கிறிஸ்துமஸ் அன்னிக்கே படிகமா பிரிச்செடுத்துட்டார். ஆனா அந்த ஹார்மோன் செல்லுக்குள்ள எதுல போய் ஒட்டுதுன்னு தெரிய இன்னும் 72 வருஷம் ஆச்சு மக்கா!

1972ல ஓப்பன்ஹைமர் குழு, கதிரியக்க ஹார்மோனை வெச்சு, எலியோட செல்லுல அது உட்கருவுக்குத்தான் போகுதுன்னு காட்டினாங்க. சரி, அங்க அதைப் பிடிச்சுக்கிற ரிசப்டர், அதாவது ஏற்பி, எது? காட்டிக் கொடுத்தது ஒரு கோழி வைரஸ் :-) கோழிக்கு ரத்தப் புற்றுநோய் கொண்டு வர்ற வைரஸ். அதுல எர்ப்-ஏன்னு ஒரு மரபணு, கோழிகிட்டயே திருடினது. 1985ல கார்டிசால் ரிசப்டரோட மரபணுவைப் படிச்சப்ப, "அட, எர்ப்-ஏ சாயல் அடிக்குதே"ன்னு தெரிஞ்சது. அப்போ இதுவும் ஏதோ ஹார்மோனோட ரிசப்டரா? 1986 டிசம்பர்ல அமெரிக்காவுல ரொனால்ட் எவன்ஸ் குழுவும், ஜெர்மனியில வென்ஸ்ட்ரோம் குழுவும் ஒரே சமயத்துல 'நேச்சர்'ல எழுதினாங்க. தைராய்டு ஹார்மோனோடதுதான்!

மரபணு கையில இருந்தா ஆன்டிபாடி செய்யலாம். ரிசப்டரோட ஒரு துண்டை முயலுக்கு ஊசி போட்டா, அதைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி முயலோட ரத்தத்துல வரும். (ரத்தப் பரிசோதனையில பார்க்கிற தைராய்டு ஆன்டிபாடி வேற. அது நம்ம உடம்பே நம்ம சுரப்பிக்கு எதிரா செய்றது.)

கேட்க சுலபமா இருக்கு இல்ல? ரிசப்டர்ல ஆல்பா, பீட்டான்னு ரெண்டு. நடு உடம்பு கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைங்க, முனையிலதான் வித்தியாசம். செல்லுல இருக்கறதும் ரொம்பக் கொஞ்சம். ஆன்டிபாடி வேற எதையோ பிடிச்சுட்டு "இதோ ரிசப்டர்"னு சொன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது? பொட்டி தட்டுறவங்க பாஷையில, நெகட்டிவ் டெஸ்ட் கேஸ் வேணும்: அந்த ரிசப்டரே இல்லாத எலி. பீட்டா இல்லாத எலி 1996ல வந்தது. ஆல்பா-1 இல்லாதது 1998ல, அதுவும் அதே வென்ஸ்ட்ரோம் லேப்ல! அந்த எலியோட திசுவுலயும் கோடு விழுந்தா ஆன்டிபாடி புளுகுதுன்னு அர்த்தம். அதுக்கு முந்தின பத்து வருஷத்துப் படங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடதான் பார்ப்பேன்.

எலி மட்டும் இல்ல. 1967லயே ரெஃபெட்டாஃப்னு ஒரு டாக்டர் ஒரே குடும்பத்துப் பிள்ளைங்களைப் பத்தி எழுதியிருக்கார். ரத்தத்துல ஹார்மோன் எக்கச்சக்கம், உடம்பு அதைக் கண்டுக்கவே இல்ல. காதும் கேட்காது. 25 வருஷம் கழிச்சு, 1992ல, காரணம் வெளிவந்தது. அந்தப் பிள்ளைங்களுக்கு பீட்டா ரிசப்டரை உண்டாக்குற மரபணுப் பகுதி மொத்தமாவே காணோம்.