உத்திரமேரூரின் தோட்ட வாரியம்

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலையைத்தான் சொல்வார்கள். தோட்டத்துக்கென்றே அங்கே ஒரு வாரியம் இருந்தது தெரியுமா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டில் (கி.பி. 921) இருக்கிறது. 30 குடும்புகளுக்கு 30 பேர். அவர்களில் சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்டத்துக்கு 12, ஏரிக்கு 6 பேர்.

வணிகவியல் மாணவனான எனக்குப் பிடித்த விதி இதுதான்: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி ஓலையில் எழுதக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும்தான்!

ஆனால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதம் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். நிலமே இல்லாமல் தோட்டத்தில் உழைத்தவர் பெயர் குடத்துக்குள் போகவே முடியாது. மக்களாட்சி என்று பெருமைப்படும்போது இதையும் சேர்த்தே சொல்வோம், நண்பர்களே.